கல்லூரியில் 'துணை நபர்' ஏற்பாடு: முதல் 72 மணி நேரத்துக்கு என்னென்ன தயாராக இருக்கணும்?

வகுப்பறை_சன்னல் (இழையைத் தொடங்கியவர்)

இருபாலர் கலை அறிவியல் கல்லூரி, பெண்கள் விடுதி உண்டு. பாலியல் வன்முறைக்கோ வீட்டு வன்முறைக்கோ ஆளான மாணவி முதலில் வந்து பேசவும், ஆஸ்பத்திரி, போலீஸ் என எங்கே போனாலும் கூடப் போகவும் சில ஆசிரியைகளையும் ஆராய்ச்சி மாணவிகளையும் துணை நபர்களாக நியமிக்கப் போகிறோம். பயிற்சி ரெண்டு நாள். அதற்குள் ஒரு தாளில் அடங்கும் வழிமுறை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "தைரியம் சொல்லுங்கள், அனுதாபத்தோடு கேளுங்கள்" வகைத் தாள் ஏற்கெனவே நாலு இருக்கிறது. எனக்கு வேண்டியது நேரக் கணக்கும், எங்கே எது சொதப்பும் என்பதும். ஐசிசி (பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் கல்லூரி உள் புகார்க் குழு) உறுப்பினர்களையே துணை நபர்களாகப் போட்டால் என்ன என்று நிர்வாகம் கேட்கிறது. பெற்றோருக்கு எப்போது சொல்வது என்பதிலும் இங்கே ஒருமித்த கருத்து இல்லை.

வெளி_உறுப்பினர்

ஐசிசி ஆளைத் துணை நபராகப் போடாதீர்கள். அந்தக் குழு நாளைக்கு இரண்டு தரப்பையும் விசாரித்து அறிக்கை எழுத வேண்டியது. ராத்திரி பதினோரு மணிக்கு அழுதபடி அவள் சொன்னதைக் கேட்ட ஆளே காலையில் விசாரணை நாற்காலியில் உட்கார்ந்தால், எதிர்த்தரப்பு முதல் கடிதத்திலேயே பாரபட்சம் என்று எழுதும். இன்னொரு சிக்கல்: அதிர்ச்சியில் இருப்பவர் நிகழ்ச்சிகளை வரிசை மாற்றிச் சொல்வது வழக்கம். அதைக் கேட்டவரே பிறகு "அன்றைக்கு இப்படிச் சொன்னாயே" என்று ஒப்பிடும் நிலை வரக்கூடாது.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறைகளில் குழு அமைப்பே தெளிவாக இருக்கிறது: தலைவராக மூத்த பேராசிரியை, இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், ஒரு வெளி உறுப்பினர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள். பாதிப்பேராவது பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் யாரும் உறுப்பினராக முடியாது. துறைத்தலைவருக்கான அந்தத் தடையைத் துணை நபர் பட்டியலுக்கும் நீங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

தாளில் முதல் கட்டமாக ஒரு தேதி வரட்டும். கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமான புகார். காரணத்தைப் பதிவு செய்து குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். அதற்கு மேல் கிடையாது. கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதான வழக்கில் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்கள். கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் அதே ஆண்டு டிசம்பர் கடைசியில். ஆறு மாதம் தாண்டிவிட்டதால் புகார் எடுபடவில்லை. துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இந்தத் தீர்ப்பு இடம்பெற வேண்டும் என்று மட்டும் உத்தரவாயிற்று. ஆகவே "நீ யோசித்து முடிவெடும்மா" என்று சொல்லும்போதே கெடு முடியும் தேதியையும் கையில் கொடுத்துவிட வேண்டும். போலீஸ் புகாருக்கு இந்த மூன்று மாதக் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு "டைம் முடிஞ்சிடுச்சு" என்று வீட்டுக்குப் போனவர்கள் நிறைய.

காஷுவாலிட்டி_டாக்டர்

மருத்துவப் பகுதியை நான் எழுதுகிறேன். நேர வரிசையிலேயே போகலாம்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து: இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. 28 நாள் விடாமல் சாப்பிடணும். ஏஆர்டி மையம் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) மாலையில் மூடிவிடும் என்று காலை வரை காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் முதல் டோஸை வாங்கிவிட்டு, மறுநாள் மையத்துக்குப் போகலாம். ஐந்தாறு நாளில் குமட்டலால் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். துணை நபர் முதல் வாரத்தில் போன் போட்டு விசாரிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

கருத்தடை அவசர மாத்திரை: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒரே டோஸ். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டில் பல மெடிக்கல் ஷாப்களில் "ஸ்டாக் இல்லை" என்பார்கள். கடை கடையாக அலையாமல் ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி போடாதவர் என்றால் 0, 1, 6 மாதங்களில்.

தடயம்: ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி) 96 மணி நேரம் வரை எடுக்கலாம். குளிக்காமல், பல் துலக்காமல் வருவது நல்லது. ஆனால் குளித்துவிட்டார் என்பதற்காக "இனி போய் என்ன பிரயோஜனம்" என்று யாரும் சொல்லக் கூடாது. காயம், துணி, சிகிச்சை எல்லாம் அப்படியே மிச்சம் இருக்கிறது. மயக்க மருந்து சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீரை வீணாக்க வேண்டாம். அடக்க முடியாவிட்டால் சுத்தமான பாட்டிலில் பிடித்து எடுத்து வரலாம்.

துணி: ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதப் பையில். பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெடும். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தணும். உதறக் கூடாது. போட்டிருந்த துணியை ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்வார்கள். அதனால் மாற்று உடை, உள்ளாடை, நாப்கின், செருப்பு கொண்ட ஒரு பை விடுதியில் எப்போதும் தயாராக இருக்கட்டும். பரிசோதனை முடிந்து ஆஸ்பத்திரி பச்சைத் துணியோடு வெளியே வரவைப்பது இன்னொரு கொடுமை.

இரண்டு விரல் பரிசோதனையை யாராவது ஆரம்பித்தால் மறுக்கச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்தது. 2022 அக்டோபரில் அதைச் செய்கிறவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவர் என்றே சொல்லிவிட்டது.

வகுப்பறை_சன்னல்

டாக்டர், ஆஸ்பத்திரிக்குப் போனாலே போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் போவதில்லை. அங்கே என்ன நடக்கும்?

காஷுவாலிட்டி_டாக்டர்

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடுவோம், போலீஸுக்குத் தகவலும் போகும். ஆனால் தகவல் போவது வேறு, அவர் புகார் கொடுப்பது வேறு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி பரிசோதனைக்கு, தடயம் எடுக்க, போலீஸ் தகவலுக்கு என்று ஒப்புதல் தனித்தனி. எதற்கும் "வேண்டாம்" சொல்லலாம். சொன்னதை மறுப்பாகவே எழுதி வைக்கணும். மறுத்தார் என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்த முடியாது. ஒப்புதல் படிவத்தை நர்ஸ் நீட்டும்போது மூன்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்குகிறார்களா என்று துணை நபர் பார்க்கணும். அவசரத்தில் பெரும்பாலும் அப்படித்தான் வாங்குவார்கள்.

மதுரைக்_கோர்ட்டு

டாக்டர் சொன்னதோடு சட்டப் பிரிவுகளையும் சேர்க்கிறேன். தாளின் பின்பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 397: அரசோ தனியாரோ, எல்லா மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை தரணும். மறுத்தால் பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 200இன் கீழ் ஓராண்டு வரை சிறை. தனியார் ஆஸ்பத்திரியில் "போலீஸ் கேஸ், ஜிஹெச்சுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினால் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

பெரிய எச்சரிக்கை ஒன்று. பிறந்த தேதியை முதலில் கேளுங்கள். முதலாமாண்டு மாணவி பலருக்கு பதினேழுதான் ஆகியிருக்கும். பாலிடெக்னிக் என்றால் இன்னும் குறைவு. பதினெட்டுக்குக் கீழே என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19ஆம் பிரிவு. விஷயம் தெரிந்தவர் எவரும் போலீஸிடம் தெரிவித்தே ஆகணும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. அங்கே "உன் அனுமதி இல்லாமல் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதி செல்லாது. கொடுத்துவிட்டு மீறினால் அவள் இனி யாரையும் நம்ப மாட்டாள். அதனால் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே, முழுக் கதையும் வரும் முன்பே, இந்த வரம்பைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

காவல் நிலையத்தில்: சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீதைக் கொடுத்து "புகார் வாங்கியாச்சு, போங்க" என்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எந்த நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் பதிவு செய்யணும் (பிஎன்எஸ்எஸ் 173), பெண் அதிகாரி எழுதணும், நகல் இலவசம். இணையவழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திடணும். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதன் பிறகு மாஜிஸ்திரேட். பாலியல் குற்றத் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு பிஎன்எஸ் 199இல் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு.

துணை நபருக்குச் சட்டத்தில் இடம் எங்கே என்றால், பிஎன்எஸ்எஸ் 176. பாலியல் வன்புணர்வு வழக்கில் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ பதியணும். பெற்றோர், காப்பாளர், நெருங்கிய உறவினர் அல்லது அப்பகுதிச் சமூகப் பணியாளர் முன்னிலையில். அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் உள்ளே உட்காரணும். கூட இருக்கலாம், பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒரு வார்த்தை திருத்தினாலும் "சொல்லிக்கொடுத்த வாக்குமூலம்" என்று குறுக்கு விசாரணையில் வரும்.

விடுதிப்_பொறுப்பு

எல்லாம் சரி. ஆனால் பெற்றோருக்குச் சொல்லாமல் நாங்கள் எப்படி ஒரு பெண்ணை ராத்திரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது? நாளைக்கு ஏதாவது ஆனால் வார்டன் சட்டையைத்தான் பிடிப்பார்கள். "எங்க பொண்ணை நம்பி விட்டோமே" என்று வந்து நிற்கும் அப்பாவுக்கு நீங்கள் யாரும் பதில் சொல்லப் போவதில்லை.

வெளி_உறுப்பினர்

உங்கள் பயம் நியாயமானதுதான் மேடம். ஆனால் இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீட்டுக்குப் போன் போனால் அடுத்த நாள் டி.சி., அடுத்த மாதம் மாப்பிள்ளை. விடுதியில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு தடவை நடந்துவிட்டால் அடுத்த மூன்று பேட்ச் வாயைத் திறக்காது. இதைவிட மோசம், வன்முறை செய்தது அந்த வீட்டு ஆளாகவே இருந்தால்.

நடைமுறையாகச் சொல்கிறேன். பதினெட்டு முடிந்தவர் என்றால் யாருக்குச் சொல்வது என்பது அவர் முடிவு. விடுதியில் சேரும்போதே படிவத்தில் பெற்றோர் எண்ணோடு 'அவசரத்தில் அழைக்க நீங்கள் தேர்ந்தெடுக்கும் நபர்' என்று தனியாக ஒரு கட்டம் வையுங்கள். அக்கா, சித்தி, தோழி யாராகவும் இருக்கலாம். சுயநினைவு இல்லாமலோ உயிருக்கு ஆபத்தாகவோ இருந்தால் மட்டும் கேட்காமல் அழைக்கலாம் என்று முதல்வர் கையெழுத்தோடு சுற்றறிக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் வார்டனுக்குப் பாதுகாப்பு. அவுட்பாஸ் ரெஜிஸ்டரில் "மருத்துவம், துணை நபருடன்" போதும். காரணத்தை விரிவாக எழுதினால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி முதல் மெஸ் வரை பரவிவிடும்.

விடுதிப்_பொறுப்பு

சுற்றறிக்கை இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுத்தில் இல்லாததால்தான் ஒவ்வொரு தடவையும் இந்தச் சண்டை.

பாதுகாப்பு_மனு

வீட்டு வன்முறை பற்றி யாரும் பேசவில்லையே. கல்லூரியில் அது நாம் நினைப்பதைவிட அதிகம்: திருமணமான பி.எட். மாணவிகள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள், படிப்பை நிறுத்தச் சொல்லி அடிக்கும் அண்ணன், கட்டாயக் கல்யாணம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் (டி.வி. ஆக்ட்) கணவனுக்கு மட்டுமானது என்று நினைக்க வேண்டாம். ஒரே வீட்டில் வாழும் அப்பா, அண்ணன் மீதும் மனு செய்யலாம்.

எங்கே பொருந்தாது என்பதும் முக்கியம். காதலனோடு சேர்ந்து வாழவில்லை, வெறும் பழக்கம் என்றால் இந்தச் சட்டம் உதவாது. தமிழ்நாட்டிலிருந்து போன வேலுசாமி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் 'திருமணம் போன்ற உறவு' எது என்று வரையறுத்துவிட்டது. வார இறுதிகளில் சேர்ந்திருப்பது அதில் வராது. அப்படிப்பட்டவருக்குப் பின்தொடர்தல் (பிஎன்எஸ் 78), மிரட்டல், காயம் ஆகிய பிரிவுகள்தான் வழி. "டி.வி. ஆக்ட் போடலாம்" என்று ஆசை காட்டிக் கோர்ட்டு வரை கூட்டிப்போய்த் திரும்பி வருவது வேண்டாத அலைச்சல்.

பொருந்துபவர் என்றால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். குடும்ப வன்முறை அறிக்கையை அவரே தயாரித்துத் தருவார், கட்டணம் இல்லை. மாஜிஸ்திரேட் முதல் விசாரணையைப் பொதுவாக மூன்று நாளுக்குள் வைக்கணும், மனுவை 60 நாளில் முடிக்க முயலணும். நடப்பில் இழுக்கும், அதனால் முதல் நாளே 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் வரலாம். இரவு தங்க இடம் இல்லை என்றால் 181 (பெண்கள் உதவி எண்). ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம். இலவச வக்கீலுக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. தாலுகா கோர்ட்டுகளில் வருமானச் சான்று கேட்டு அலைக்கழித்தால், சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவு என்று சொல்லுங்கள்.

வீட்டை விட்டு வர நினைப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது சான்றிதழ். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்று, பாஸ்புக். கல்லூரியில் அசல் இருந்தால் அவளைத் தவிர வேறு யார் கேட்டாலும், அப்பாவே வந்தாலும் கொடுக்காதபடி அலுவலகத்துக்கு எழுத்தில் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். உதவித்தொகை வரும் கணக்கு அப்பாவோடு ஜாயின்ட் என்றால் புதுக் கணக்கு திறந்து மாற்றணும்.

காஷுவாலிட்டி_டாக்டர்

இதில் ஒன்று சேர்க்கணும். "கழுத்தைப் பிடிச்சான்" என்று சொன்னால் அதைப் பேச்சோடு பேச்சாக விட்டுவிடாதீர்கள். வெளியே தடம் இல்லாமலே உள்ளே ரத்தக் குழாய் கிழிந்திருக்கலாம். சில நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. குரல் கரகரப்பு, விழுங்கச் சிரமம், கண்ணில் சிவப்புப் புள்ளி, நினைவு தப்பியது, சிறுநீர் தானாகப் போனது, இதில் எது இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. கழுத்தை நெரிப்பவன் பின்னால் கொலை வரை போகும் வாய்ப்பும் மற்றவர்களைவிட மிக அதிகம்.

ஹேஷ்_வேல்யூ

போன் பற்றி. போட்டோவை வைத்து மிரட்டுகிறான் என்றால் முதல் உந்துதல் பிளாக் பண்ணி எல்லாவற்றையும் அழிப்பது. அழிக்க வேண்டாம். அவன் 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' போடும் முன் ஸ்க்ரீன்ஷாட்: பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, நம்பரும் தேதியும் தெரியணும். தானாக மறையும் மெசேஜ் செட்டிங்கை அணைத்துவிட்டு சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். மூலப் போனை ஃபார்மேட் செய்யவோ எக்ஸ்சேஞ்சில் போடவோ கூடாது. கோர்ட்டில் மின்னணு ஆவணத்துக்கு 2023 சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் ஹேஷ் எண்ணும் (கோப்பின் டிஜிட்டல் கைரேகை போன்றது) வரும்.

துணை நபர் தன் போனுக்கு அந்தப் படத்தை ஃபார்வர்ட் வாங்கவே கூடாது. ஆதாரம் சேர்ப்பதாக நினைத்து நீங்களும் பரப்பியவர் ஆவீர்கள். அவள் பதினெட்டுக்குக் கீழ் என்றால் வைத்திருப்பதே குற்றம். புகார் 1930 (சைபர் குற்ற உதவி எண்) அல்லது சைபர் கிரைம் போர்ட்டலில். போட்டோ வெளியே போகாமல் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' தளம் இருக்கிறது. படம் அவள் போனிலேயே இருக்கும், ஹேஷ் மட்டும்தான் போகும். அது பதினெட்டு ஆனவர்களுக்கு மட்டும். லொகேஷன் ஷேரிங், ஜிமெயிலில் வேறு யார் சாதனம் லாகின் ஆகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆனால் கூடவே வாழ்கிறவன் என்றால் சட்டென்று எல்லாவற்றையும் அணைக்க வேண்டாம், அவனுக்குத் தெரிந்துவிடும். முதலில் பாதுகாப்பான இடம், அப்புறம் பாஸ்வேர்ட்.

கலிஃபோர்னியா_தமிழ்

இங்கே வளாகத்தில் 'ரகசியம் காக்கும் ஆதரவாளர்' என்றே பதவி உண்டு. 40 மணி நேரப் பயிற்சி முடித்த பாலியல் வன்முறை ஆலோசகரிடம் சொன்னதை வெளியிட மறுக்க மாநிலச் சாட்சியச் சட்டமே பாதிக்கப்பட்டவருக்கு உரிமை தருகிறது. அங்கே அப்படி ஏதாவது இருக்கிறதா?

மதுரைக்_கோர்ட்டு

இல்லை. வக்கீலிடம் சொன்னதற்கு மட்டும்தான் இங்கே அந்தக் காப்பு. துணை நபரையும் கவுன்சலரையும் சாட்சியாக அழைக்கலாம், நோட்டை வரவழைக்கலாம். அதனால் குறிப்பை எப்படி எழுதுகிறோம் என்பது பெரிய விஷயம். தேதி, நேரம், அவர் கேட்ட உதவி, நாம் கொடுத்த தகவல், போன இடம். அவ்வளவே. "நம்பும்படி இல்லை", "குழப்பமாகப் பேசினாள்", "காதல் விவகாரம்போல" என்று ஒரு வரி எழுதினால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் அதை வைத்தே வழக்கை நடத்திவிடுவார். சம்பவத்தை முழுசாக எழுதி வாங்கவும் வேண்டாம். புகாரோடு ஒரு சின்ன வித்தியாசம் இருந்தாலும் தலைவலி. அவளே தன் கைப்பட எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

அடையாளம் வெளிவந்தால் பிஎன்எஸ் 72, இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 டிசம்பரில் கிண்டியில் பல்கலைக்கழக வளாக வழக்கின் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் வெளியானது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. அரசு கணினியிலிருந்தே கசியும் என்றால் டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் எம்மாத்திரம்? பெயர், ரோல் நம்பர், ஊர் எதுவும் குரூப்பில் வேண்டாம்.

வெளி_உறுப்பினர்

ஐசிசி விசாரணை நடக்கும்போது துணை நபர் கவனிக்க வேண்டியவை. புகார் நகல் ஏழு நாளில் எதிர்த்தரப்புக்குப் போகும், அவர் பத்து நாளில் பதில் தரணும், 90 நாளில் விசாரணை முடியணும், அறிக்கைக்குப் பத்து நாள், நிர்வாக நடவடிக்கைக்கு 30 நாள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் இந்தக் கடைசிக் கெடு 60 நாள். யுஜிசி விதியில் குறைவு. நிர்வாகம் எப்போதும் அறுபதைத்தான் சொல்லும்.

இடைக்கால நிவாரணத்தைக் கேட்டால்தான் தருவார்கள். புகாரோடேயே எழுதுங்கள்: எதிர்த்தரப்பு ஆசிரியர் என்றால் அவள் விடைத்தாளைத் திருத்தவோ வைவாவில் உட்காரவோ கூடாது, மாணவர் என்றால் விலகி இருக்க எச்சரிக்கை, வேண்டுமென்றால் மூன்று மாதம் வரை விடுப்பு. அந்த விடுப்பால் அட்டெண்டன்ஸ் குறைந்து ஹால் டிக்கெட் நிறுத்தப்படாமல் இருக்கத் தேர்வுப் பிரிவுக்குத் தனிக் கடிதம் போகணும். இதை மறந்தால் புகார் கொடுத்தவளே ஒரு செமஸ்டரை இழப்பாள்.

சமரசம் அவள் கேட்டால் மட்டும். பணம் அடிப்படையாக இருக்கவே கூடாது. குழு அறையில் வக்கீலுக்கு இடமில்லை. எதிர்த்தரப்பின் கேள்விகளை எழுத்தில் வாங்கித் தலைவர் வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். விசாரணையைச் சீக்கிரம் முடிக்கணும் என்று குழுவை நெருக்கவும் வேண்டாம். கோவா பல்கலைக்கழக வழக்கில் பதில் சொல்லப் போதிய அவகாசம் தராமல் குழு அவசர அவசரமாக ஓட்டியதால், 2023இல் உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தையே ரத்து செய்து மறுபடி விசாரிக்க அனுப்பியது. புகார் கொடுத்த மாணவிகளுக்கு எல்லாம் முதலிலிருந்து. நிரூபிக்க முடியவில்லை என்பதால் மட்டும் பொய்ப் புகார் ஆகிவிடாது. "நிரூபிக்காவிட்டால் உன் மேல் நடவடிக்கை" என்று யாராவது மிரட்டினால் 2013 சட்டத்தின் 14ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

முதுகலை_ரெண்டு

பையன்கள் வந்தால்? எங்கள் ஹாஸ்டலில் ராகிங் என்ற பேரில் நடப்பதில் பாதி இதுதான்.

மதுரைக்_கோர்ட்டு

யுஜிசி விதிமுறை மாணவர்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் கணக்கில் எடுத்தே எழுதப்பட்டது, ஐசிசியில் கொடுங்கள். ராகிங் புகாரையும் தனியாகக் கொடுங்கள். குற்றவியல் பக்கம்தான் ஓட்டை. பிஎன்எஸ்ஸில் பழைய தண்டனைச் சட்டத்தின் 377க்கு (இயற்கைக்கு மாறான பாலுறவுப் பிரிவு) ஈடாக ஒன்றும் இல்லை. பதினெட்டுக்குக் கீழ் என்றால் போக்சோ இருபாலருக்கும் உண்டு. மேலே என்றால் காயம், அடைத்துவைத்தல், மிரட்டல் பிரிவுகளில்தான் எஃப்.ஐ.ஆர். போட முடியும். போடச் சொல்லுங்கள்.

காஷுவாலிட்டி_டாக்டர்

மருந்து, 72 மணி நேரக் கணக்கு, காகிதப் பை எல்லாம் ஆணுக்கும் அதேதான். மாற்றுத் துணிப் பையில் ஒரு டிராக் பேன்ட், டி-ஷர்ட்டும் போட்டு வையுங்கள். ஆண்கள் விடுதிக்கும் ஒரு பை.